மாலுமிகளின் பெற்றோருக்குச் சென்னையில் ஒரு வாசல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் வயது வரம்பு, கல்வித் தகுதி, உடற்தகுதித் தேர்வு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகிய விவரங்களைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. பயிற்சி முடித்த இளைஞர்கள் வெள்ளைச் சீருடையில் அணிவகுத்து வரும் படமும் ஆண்டுக்கு ஓரிரு முறை வருகிறது. இந்த இரண்டு செய்திகளுக்கு இடையிலும், இரண்டாவது செய்திக்குப் பிறகு வரும் ஆண்டுகளிலும் அந்த இளைஞர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. கடற்படையில் மாலுமியாக இருக்கும் ஒருவனின் தந்தை என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். என் பெயரையும், மகன் பணிபுரியும் கப்பலின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணம் கடிதத்தின் போக்கிலேயே விளங்கும்.

2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அறிவித்த அக்னிபத் திட்டத்தின் கீழ், பதினேழரை வயதிலிருந்து 21 வயது வரையிலான இளைஞர்கள் அக்னிவீரர்கள் என்ற பெயரில் முப்படைகளிலும் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படுகிறார்கள். திருமணமாகாதவர்கள்தான் சேர முடியும். பணிபுரியும் நான்கு ஆண்டுகளிலும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பதும் விதி. இந்த விதியால் விளைந்த ஒன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாலுமியின் குடும்பம் என்றால் மனைவி மக்கள் என்று கொண்டே கடற்படையின் நல ஏற்பாடுகள் பல பத்தாண்டுகளாக அமைந்திருக்கின்றன. குடியிருப்பு, பள்ளி, கேன்டீன், மருத்துவமனை, கடற்படையினரின் மனைவியர் நடத்தும் நலச் சங்கம் எல்லாமே மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற தளங்களைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே கணவர் கடலுக்குப் போனால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவரும் கடலுக்குப் போனவராகவே இருப்பார். ஒருவருக்கொருவர் துணையாக இருந்துகொள்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இருபது வயது அக்னிவீரனின் குடும்பம் அந்தக் குடியிருப்பில் இல்லை. அது வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ திருவள்ளூருக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்திலோ இருக்கிறது. அந்தத் தெருவில் இன்னொரு கடற்படைக் குடும்பம் இருப்பது அரிது. இன்றைய இளம் மாலுமிகளுக்குப் பெற்றோர்தான் முழுக் குடும்பம். அந்தப் பெற்றோர் தமிழில் கேட்டு, தமிழில் பதில் பெறுவதற்கென்று சென்னையில் ஓர் இடம் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் முறையீடு இவ்வளவுதான்.

கடற்படைக்குச் சென்னை அந்நியமான ஊரும் அல்ல. தமிழ்நாடு, புதுச்சேரி பகுதிக்கான கடற்படைப் பொறுப்பதிகாரியின் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. ஐஎன்எஸ் அடையாறு என்ற தளம் நகருக்குள்ளேயே இருக்கிறது. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம் 1992 முதல் இயங்குகிறது. நம் நகரின் பெயரையே தாங்கிய ஐஎன்எஸ் சென்னை என்ற நாசகாரிக் கப்பல் 2016 நவம்பர் 21 அன்று படையில் சேர்க்கப்பட்டது. கடற்படை வாரத்தையொட்டிச் சில ஆண்டுகளில் துறைமுகத்தில் போர்க்கப்பலைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவதும் உண்டு. அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று கப்பலின் படிகளில் ஏறும் பெற்றோரில், தன் பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் படுத்துறங்குகிறான் என்று பார்க்க வந்தவர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டும் இளம் மாலுமியிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பீரங்கியைப் பற்றியதாக இருக்காது. சாப்பாடு எப்படி என்பதாகத்தான் இருக்கும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில் ஏறத்தாழ நான்கு மாதம் அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. அக்னிவீரர்களின் முதல் அணி அங்கே 2023 மார்ச்சில் பயிற்சியை முடித்தது. பெண்களும் இடம்பெற்ற அந்த அணிவகுப்பு, வழக்கத்துக்கு மாறாகச் சூரியன் மறைந்த பின் நடந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். பயிற்சியின்போது கைப்பேசி கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்றாலும், எப்போது பேசுவான் என்று ஓரளவு ஊகிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் யாரும் வெளியே போகாமல் காத்திருந்தால் குரலைக் கேட்டுவிடலாம். அந்த நான்கு மாதத்தைக் கடந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று புதிய பெற்றோர் எண்ணுகிறார்கள். பிறகு லோனாவாலாவிலோ ஜாம்நகரிலோ கொச்சியிலோ தொழிற்பயிற்சி முடித்து மகன் கப்பலில் ஏறும்போதுதான், உண்மையான பிரிவு இனிமேல்தான் என்று தெரிகிறது.

இடையில் உற்றார் உறவினர் சொல்லும் சொற்களையும் தாங்க வேண்டியிருக்கிறது. சென்னையில் கப்பல் வேலை என்றால் வணிகக் கப்பல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. “டாலரிலா சம்பளம்?” என்று கேட்டுவிட்டு, நாம் மறைப்பதாக எண்ணிக்கொண்டு சிரிக்கிறார்கள். அக்னிவீரனுக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு, அதாவது 9,000 ரூபாய், நான்கு ஆண்டு முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் போய்விட, கைக்கு வருவது 21,000. வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் பெண் வீட்டாருக்காவது இந்தக் கணக்கைத் தாங்கள் ஒருமுறை அச்சிட்டால் நல்லது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசிச் சிக்னல் அற்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்பது எதுவும் பெற்றோருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. “செயிலிங் போறேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்திகளுக்குக் கீழே ஒற்றை டிக் மட்டும் நிற்கும். காலையில் எழுந்ததும் அம்மாக்கள் பார்ப்பது அந்த டிக்கைத்தான். அது இரண்டானால் கப்பல் கரைக்கு வந்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு அறிமுகமான ஒரு தாயார் காசிமேட்டைச் சேர்ந்தவர். தந்தை, கணவர், மைத்துனர் என்று எல்லோரையும் கடலுக்கு அனுப்பிப் பழகியவர். விசைப்படகு போனால் இத்தனை நாளில் திரும்பும் என்று ஒரு கணக்கு உண்டு, வயர்லெஸில் பக்கத்துப் படகிடமாவது விசாரிக்கலாம் என்பார். “கடலப் பாத்து எனக்கு என்னாத்துக்குப் பயம்? எப்ப வருவான்னு கேக்கக்கூட ஒரு ஆள் இல்லையே, அதான்” என்று அவர் ஒருமுறை சொன்னார். எங்கள் நிலையை இதைவிடச் சுருக்கமாக நான் எழுதிவிட முடியாது.

அந்த மௌனத்தைக் கலைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 டிசம்பரில், சமூக ஊடகத்தில் பெண்கள் பெயரில் விரிக்கப்பட்ட வலையில் சிக்கிக் கப்பல்களின் நடமாட்டத்தைப் பற்றித் தகவல் தந்ததாகக் கடற்படையைச் சேர்ந்த ஏழு பேர் கைது செய்யப்பட்டனர். அந்த மாத இறுதியிலேயே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் கடற்படை தடை விதித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, மாலுமிகளைக் காட்டிலும் எளிதாகச் சிக்கக்கூடியவர்கள் பெற்றோர்தான் என்று எனக்குத் தோன்றியது. யாரும் வலை விரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பெருமை தாங்காமல் நாமே சொல்லிவிடுவோம். “நாளைக்கு விசாகப்பட்டினம் வந்துவிடுகிறான், எல்லோரும் போகிறோம்” என்று ஸ்டேட்டஸ் வைத்தால் துறைமுகம், நாள் இரண்டையும் ஊரறியச் சொன்னதாகிவிடும். சீருடையில் எடுத்த படத்துக்குப் பின்னால் கப்பலின் எண் தெரிந்தாலும் அதே கதைதான். ஒரே கப்பலில் இருக்கும் சில பிள்ளைகளின் பெற்றோர் ஓரிடத்தில் கூடி, “இன்று எங்களுக்கும் இரட்டை டிக் வந்தது” என்று பேசிக்கொள்வதே போதும், அறிய நினைப்பவன் அறிந்துகொள்ள. சிலர் கப்பல்களின் நகர்வைக் காட்டும் செயலிகளில் மகனின் கப்பலைத் தேடிப் பார்த்து மனம் வருந்துகிறார்கள். அது வீண் வேலை. வணிகக் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்ப வேண்டும் என்ற சர்வதேச விதி போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் இரகசியம் வேறு, கைவிடப்பட்ட நிலை வேறு. 2024 ஜூலை 21 அன்று மும்பைக் கடற்படைத் தளத்தில் பழுதுபார்ப்பிலிருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ரா கப்பலில் தீப்பிடித்தது. தீ அணைக்கப்பட்ட பிறகு, மறுநாள் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. இளநிலை மாலுமி ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் இருக்கிறார்கள் என்று கடற்படை அறிவித்தது. அந்த ஒருவரின் உடல் பின்னர் மீட்கப்பட்டது. பெயரைச் சொல்லாமல் அறிவித்தது முற்றிலும் சரியே. எந்தத் தாயும் தன் மகனைப் பற்றித் தொலைக்காட்சியில் தெரிந்துகொள்ளக் கூடாது. அதே வேளையில் இங்கே நடந்ததையும் பாருங்கள். எண்ணூரைச் சேர்ந்த ஒரு தாயாரின் மகன் மும்பையில் வேறொரு கப்பலில் இருந்தான். ஓட்டலில் மாவரைத்துக்கொண்டிருந்தவர், மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில் “மும்பையில் போர்க்கப்பலில் தீ” என்று ஓடிய வரியை மட்டும் பார்த்தார். ஆங்கிலத்தில் வந்த கப்பலின் பெயரை அவரால் படிக்க முடியவில்லை. மகனின் எண்ணோ அணைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து எடுக்காமல், அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார். “உங்கள் மகனின் கப்பல் அதுவல்ல” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

2025 மே மாத நாட்களை நினைத்தால் இன்னும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் செய்தியோடு விழித்தோம். மாலையில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. மறுநாள் இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில செய்தித் தொலைக்காட்சிகள் வெடிச்சத்தத்தோடும் வரைபடங்களோடும் அறிவித்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடற்படை அரபிக்கடலில் தயார்நிலையில் நின்றது என்பதே பின்னர் அதிகாரிகள் தந்த விளக்கம். அந்த ஒரு பொய்யைப் பார்த்துக்கொண்டு எத்தனை வீடுகளில் விடிய விடிய விளக்கு எரிந்தது என்பதை அந்தச் செய்தியாளர்கள் அறியமாட்டார்கள். பாதுகாப்புப் படைகளின் நடமாட்டத்தை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று அதற்கு முன்பே, ஏப்ரல் 26 அன்றே, தகவல் ஒலிபரப்புத் துறை ஊடகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அச்சு இதழ்கள் அன்று ஓரளவு நிதானம் காத்தன என்பதால்தான் இக்கடிதத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட நாட்களில் ஒருவரையொருவர் தேடிப் போனதில்தான் வடசென்னையில் எங்கள் சிறு வட்டம் உருவாயிற்று. சங்கம் என்று பதிவு செய்யவில்லை; பெயரும் வைக்கவில்லை. பெரம்பூரில் கடற்படையிலிருந்து சீஃப் பெட்டி ஆபீசராக, அதாவது மூத்த மாலுமியாக, ஓய்வு பெற்ற ஒருவரின் மாடியறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். எல்லோரும் அவரைச் சீஃப் ஐயா என்றே அழைக்கிறோம். கப்பலின் பெயர், இடம், நாள், அலுவல் எதையும் அங்கே பேசக் கூடாது என்பது அவர் வைத்த முதல் விதி. புதிதாக வருபவர் ஆர்வத்தில் வாயைத் திறந்தால், “அம்மா, அதை நீங்களே வச்சுக்குங்க” என்று பேச்சை மாற்றிவிடுவார். அப்படியானால் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஏராளமாக இருக்கிறது. கப்பலில் நான்கு மணி நேர முறை வைத்துக் காவல் பார்ப்பதால் பிள்ளை கரைக்கு வந்ததும் பேசாமல் தூங்குகிறான், கோபத்தினால் அல்ல என்பதைப் புரிய வைப்பதில் தொடங்கி, லீவு ஆண்டுக்கு 30 நாள் என்பது வரை எத்தனையோ கேள்விகள் வருகின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் படிவங்களைப் படித்துச் சொல்லவும் ஆள் தேவைப்படுகிறது. தன் மகனின் பெயரில் 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு இருப்பதும், அதற்கு அவன் சம்பளத்தில் எதுவும் பிடிப்பதில்லை என்பதும் பல வீடுகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சீஃப் ஐயா புதிய பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி, “பிள்ளையோட பர்சனல் நம்பர் தெரியுமா?” என்பதுதான். ஒவ்வொரு மாலுமிக்கும் கடற்படை தரும் அடையாள எண் அது. பெரும்பாலானோருக்குத் தெரியாது. அம்பத்தூரில் ஒரு தந்தை பக்கவாதத்தால் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அந்த எண்ணின் அருமை தெரிந்தது. மகனின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. தாயாருக்கு ஒன்றும் ஓடவில்லை. மகளோ பள்ளியில் படிக்கிறாள். ஒவ்வொரு மாலுமிக்கும் அவனுடைய நலனைக் கவனிக்க டிவிஷனல் ஆபீசர் என்று ஓர் அதிகாரி இருப்பார் என்பதும், வீட்டு அவசரத்தை முறையாகத் தெரிவித்தால் அது மகனிடம் போய்ச் சேரும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பர்சனல் நம்பர், பதவி, பெயர், நோயின் தன்மை, சிகிச்சையளிக்கும் மருத்துவரின் சான்று என்று நான்கே வரிகளில் சீஃப் ஐயா எழுதிக் கொடுத்தார். அந்த எண்ணைத் தேடத்தான் வீட்டில் அரைநாள் போயிற்று. கடைசியில் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு வந்த அழைப்போடு இருந்த தாளில் கிடைத்தது. மகன் லீவில் வந்து சேர்ந்தான். இப்போது அந்த எண்ணும், அதிகாரியை அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அவர்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் கதவுக்குள்ளே ஒட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் வட்டத்தில் எல்லா வீடுகளிலும் இப்போது அப்படியொரு தாள் இருக்கிறது.

மோசடிக்காரர்களும் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “உங்கள் மகனுக்கு விபத்து, கடற்படை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை, உடனே பணம் அனுப்புங்கள்” என்று இந்தி கலந்த ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு எங்கள் வட்டத்துத் தாயார் ஒருவருக்கு வந்தது. பணியிலிருக்கும் மாலுமிக்கு மருத்துவம் பார்க்கக் கடற்படை மருத்துவமனை பெற்றோரிடம் ஒரு பைசாவும் கேட்பதில்லை. இதைத் தெரிந்து வைத்திருந்ததால் அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தார். தெரியாதவர் என்றால் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கும். மனம் தளர்ந்து பேசும் பிள்ளைகளைப் பற்றியும் எங்களிடம் கேட்கிறார்கள். பெற்றோரே தூக்கம் கெட்டு நலியும்போது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைத் தருகிறோம்; தமிழிலேயே பேசலாம். அதற்கு மேல் எங்களுக்குத் தகுதியில்லை என்பதை அறிந்தே இருக்கிறோம்.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல் எல்மோ சும்வால்ட் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, 1970-ல், குடும்பங்களுக்கான ஆம்பட்ஸ்மன் என்ற முறை கொண்டுவரப்பட்டது. கப்பலின் தளபதி தன் மாலுமிகளின் குடும்பத்தினரிலிருந்து, பெரும்பாலும் ஒரு மாலுமியின் மனைவியை, தன்னார்வலராக நியமிக்கிறார். அவருக்குப் பயிற்சி தரப்படுகிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கப்பலிலிருந்து வரும் உறுதியான செய்தியை வீடுகளுக்கும், வீடுகளின் சிக்கலைக் கப்பலுக்கும் கொண்டு சேர்ப்பவர் அவரே. கப்பல் எங்கே என்று அவரிடம் கேட்டால் பதில் வராது. எல்லோரும் நலமா என்று கேட்டால் வரும். அவர்களுடைய பண வசதி நமக்கு இல்லைதான், ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பணமும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒருவரும், அதிகாரியின் ஒப்புதலும், ஒரு தொலைபேசியும் இருந்தால் நடக்கும். நம் நாட்டில் ஓய்வு பெற்ற மாலுமிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்களும் இல்லை.

ஆகவே, தமிழ்நாடு, புதுச்சேரி பகுதிக்கான கடற்படை அலுவலகம் தமிழ் பேசும் ஒருவரைப் பெற்றோருக்கான தொடர்பாளராக அறிவிக்க வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர் நாள்தோறும் எங்களுக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. தீவிபத்து, புயல், போர்ப் பதற்றம் போன்ற நேரங்களில் மட்டும் ஓர் எண் திறந்திருந்து, “உங்கள் மகனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, அமைதியாக இருங்கள்” என்று ஒருவர் தமிழில் சொன்னால் போதும். பயிற்சிக்குச் சேரும் நாளிலேயே பெற்றோர் கையில் தமிழில் ஒரு சிறு கையேடு தரலாம். அவசரத்தில் யாரை அழைப்பது, பர்சனல் நம்பரை எங்கே குறித்து வைப்பது, எதை வெளியில் சொல்லக் கூடாது, காப்பீடு என்ன, சேவா நிதி என்ன என்பதெல்லாம் எட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். சொல்லக் கூடாதவற்றைக் கடற்படையே தமிழில் அச்சிட்டுத் தந்தால், பெற்றோரின் வாய் தானாகவே அடங்கும். பாதுகாப்பைக் கருதினாலும் இது கடற்படைக்கே இலாபம்.

தமிழக அரசுக்கும் இதில் பங்குண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறையின் மாவட்ட அலுவலகங்கள் உள்ளன. முன்னாள் படைவீரர்களுக்கும், பணியிலிருக்கும் படைவீரர்களின் குடும்பத்தினருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அவ்வப்போது குறைதீர் கூட்டங்கள் நடக்கின்றன. துறையின் பெயரில் “முன்னாள்” என்று இருப்பதால், பணியிலிருக்கும் பிள்ளையின் பெற்றோர் தங்களுக்கும் அங்கே இடமுண்டு என்று அறியாமலே இருந்துவிடுகிறார்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர்கூட இதுவரை அந்த அலுவலகத்தின் படி ஏறியதில்லை. டிசம்பர் 7 கொடிநாளில் கொடி விற்க மட்டும் எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு வருபவர்கள், அன்றைக்கே அந்தப் பெற்றோரையும் அழைத்து அறிமுகம் செய்துகொண்டால் எவ்வளவோ பயன் உண்டு.

காலம் கடத்தக் கூடாத இன்னொரு காரணமும் இருக்கிறது. கடற்படை அக்னிவீரர்களின் முதல் அணி 2022 நவம்பரில் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களின் நான்கு ஆண்டுக்காலம் 2026 இறுதியில் நிறைவடைகிறது. அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பது திட்டம். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் அவர்களுக்குப் பத்து விழுக்காடு இட ஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் சரியா தவறா என்ற விவாதத்தை நான் இங்கே எழுப்பவில்லை. அதற்குத் தங்கள் நடுப்பக்கம் இருக்கிறது. அந்த 11 லட்சத்தை நம்பி ஏற்கெனவே வீட்டுக்கு மேல்தளம் எழுப்பத் தொடங்கியவரையும், தங்கையின் திருமணத்துக்கு நாள் பார்த்தவரையும் நான் அறிவேன். திரும்பி வரும் 22 வயதுப் பிள்ளையிடம் அடுத்து என்ன என்று முதலில் கேட்கப்போவதும் பெற்றோர்தான். அவர்களுக்கு விவரம் தெரியாவிட்டால், ஆள்சேர்ப்பின்போது சுற்றிய அதே தரகர்கள் இப்போது வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். சேவா நிதி கைக்கு வரும் மாதத்தை அவர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கான குறைதீர் கூட்டம் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் எந்த நாளில் நடக்கிறது என்பதை, முடிந்த பிறகு படத்தோடு போடுவதற்குப் பதிலாக, ஒரு வாரம் முன்னதாக “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதியிலாவது வெளியிடுங்கள். பணியிலிருப்போரின் பெற்றோரும் வரலாம் என்ற வரியையும் சேருங்கள். கடற்படை விபத்துச் செய்தி வரும்போது, கப்பலின் பெயரை அதிகாரிகள் அறிவித்திருந்தால் அதைத் தலைப்பிலேயே தமிழில் எழுதுங்கள். “போர்க்கப்பலில் தீ” என்று மட்டும் எழுதினால் எல்லா மாலுமிகளின் வீட்டிலும் அடுப்பு அணைகிறது. பெயரைச் சேர்த்து எழுதினால், சம்பந்தமில்லாத வீடுகளாவது அன்று சாப்பிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு கடற்படை மாலுமியின் தந்தை,
பெரம்பூர், சென்னை.